குவைத்துக்குத் திரும்பும் தம்பிக்கு: 'இயேசப்பா' என்ற சொல்லுக்குள் இருக்கும் அப்பா

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். வருகிற ஞாயிறு சின்னவளுக்கு ஞானஸ்நானம். அது முடிந்து பத்தாம் நாள் நீ விமானம் ஏற வேண்டும். "அங்க இருந்துகிட்டு நான் எப்படிண்ணே தகப்பனா இருக்கது?" என்று கேட்டாய். ஆலய வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பதில் சொல்லி முடிக்கிற கேள்வியா அது? அதனால்தான் எழுதுகிறேன். வளைகுடாவில் இருக்கும் மற்றத் தகப்பன்மாரும் வாசிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன். உன் பெயரைப் போடவில்லை.

உன் மூத்தவன் ஜெபிக்கும்போது 'இயேசப்பா' என்றுதான் தொடங்குவான். நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். அந்தச் சொல்லுக்குள் ஓர் அப்பா இருக்கிறார். அந்த அப்பா என்பவர் எப்படிப்பட்டவர், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா, தப்பு செய்தால் என்ன செய்வார் என்பதையெல்லாம் ஆறு வயதுப் பையன் ஞாயிறு பள்ளியில் கற்றிருக்க முடியாது. உன்னிடம்தான் கற்றிருப்பான். புதிய ஏற்பாட்டில் 'அப்பா பிதாவே' என்று மூன்றே இடங்களில் வருகிறது: மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது அரமேயச் சொல், ஒலி கிட்டத்தட்ட நம் 'அப்பா'வேதான். கெத்செமனேயில் வியர்வை சிந்தி ஆண்டவர் கூப்பிட்ட சொல்லால் உன் மகன் தினமும் உன்னைக் கூப்பிடுகிறான். இதைவிடப் பெரிய பாக்கியம் ஒரு மனுஷனுக்குக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. நடுக்கமும் இதே இடத்தில்தான்.

பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பவுல் 'பிதாக்களே' என்று நேராக அழைத்துப் பேசுவது இரண்டு இடங்களில், எபேசியர் 6:4, கொலோசெயர் 3:21. இரண்டிலும் முதல் கட்டளை ஒன்றுதான்: பிள்ளைகளைக் கோபப்படுத்தாதே. அன்றைய ரோம உலகில் வீட்டுத் தலைவனுக்குப் பிள்ளைகள்மேல் சட்டம் கொடுத்திருந்த அதிகாரம் மிகப் பெரியது. வளர்ந்து மணமான மகன்கூடத் தகப்பன் உயிரோடிருக்கும்வரை அவன் அதிகாரத்துக்கு உட்பட்டவன். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்திருக்கும் சபைக்கு எழுதும்போது, பிள்ளைகளுக்குச் சொன்ன கையோடு தகப்பனையும் நிறுத்தி ஒரு கடிவாளம் போடுகிறார் பவுல்.

கொலோசெயரில் காரணமும் சொல்கிறார்: "திடனற்றுப்போகாதபடி." இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனி. திடனற்றுப்போன பிள்ளை கத்தாது, கதவை அடிக்காது. கேட்டதற்கு "ம்" என்னும், "சரிப்பா" என்னும், "ஒண்ணுமில்ல" என்னும். பார்க்கிறவர்களுக்கு அடக்கமான பிள்ளையாகத் தெரியும், சபையில் பாராட்டுகூடக் கிடைக்கும். வீடியோ காலில் உன் மகன் தொடர்ந்து மூன்று நாள் இந்த மூன்று சொல்லை மட்டும் சொன்னால், அவன் ஒழுங்காக இருக்கிறான் என்று எண்ணிவிடாதே.

ஏன் அப்படி ஆகிறது? தூரத்துத் தகப்பன்மார் வீடுகளில் முதல் காரணம் அந்த போன்தான். பகல் முழுக்கத் தனியாகச் சமாளிக்கிற அம்மா, "இரு, ராத்திரி அப்பா போன் பண்ணட்டும், எல்லாத்தையும் சொல்றேன்" என்பாள். அவள்மேல் குற்றமில்லை, அவளுக்கு வேறு துணை இல்லை. ஆனால் மாலை வந்ததும் போன் ஒரு நீதிமன்றமாகிவிடும். முறையீடு, விசாரணை, தீர்ப்பு, பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஆறு மாதத்தில் அப்பா என்றால் தீர்ப்புச் சொல்கிற குரல் என்று பையன் மனதில் பதிந்துவிடும். ஆகவே பெட்டி கட்டுவதற்கு முன்னே மனைவியோடு உட்கார்ந்து பேசி முடிவு செய். அன்றாடத் தப்புகளுக்கு அவளே அன்றைக்கே முடிவு சொல்லட்டும், அது உன் முடிவும்தான். உனக்கு வரவேண்டிய பெரிய விஷயங்களைப் பிள்ளை தூங்கிய பிறகு அவளோடு தனியாகப் பேசு. பிள்ளையோடு பேசும் நேரத்தில் முறையீடு வேண்டாம். "மார்க் எவ்வளவு?" என்று தொடங்காதே. நேற்று அவன் சொன்ன ஒன்றைப் பிடித்துத் தொடங்கு: "அந்தப் பூனைக்குட்டி இன்னைக்கு வந்துச்சா?" நேற்றுச் சொன்னதை அப்பா மறக்கவில்லை என்பது அவனுக்குப் பெரிய காரியம்.

இனி குடும்ப ஜெபம். நீ அங்கே போனாலும் இதை நீதான் நடத்த வேண்டும், நடத்தவும் முடியும்.

குவைத்து நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 8.30 என்றால் உனக்கு மாலை 6. வேலை முடிந்து அறைக்கு வந்து முகம் கழுவியிருப்பாய், பையனுக்கும் தூக்கம் வந்திருக்காது. சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்தால் அவன் பாதியில் சாய்ந்துவிடுவான், சாப்பாட்டுக்கு முன்னே வை. ஆறு வயதுக்குப் பத்து நிமிஷம் போதும், பன்னிரண்டைத் தாண்டாதே. இன்னும் கொஞ்சம் என்று இழுத்த ஜெபங்கள்தான் பிள்ளைகளுக்குக் கசந்துபோகின்றன.

போனைச் சொம்பிலோ டப்பாவிலோ சாய்த்து, பையனின் கண் மட்டத்தில் வைக்கச் சொல். மேலேயிருந்து பார்க்கிற மாதிரி வைத்தால் அவன் உன் முகத்தைப் பார்க்க மாட்டான். வேதாகமம் இரு பக்கமும் அச்சுப் புத்தகமாக இருக்கட்டும். போனிலேயே வாசித்தால் நடுவில் ஏதாவது மெசேஜ் வரும், கண் அங்கே போய்விடும். பாட்டு ஒன்று, இரண்டு சரணம் போதும். ஆனால் வீடியோ காலில் சேர்ந்து பாட முயலாதே. குரல் வந்து சேரக் கொஞ்சமாவது பிந்தும், இரு பக்கமும் ஒருவருக்கொருவர் காத்திருந்து காத்திருந்து தாளம் குலைந்து பிள்ளை சிரிக்கத் தொடங்கிவிடும். அவர்கள் பாடட்டும். நீ மைக்கை அணைத்துவிட்டு உன் அறையில் கூடவே பாடு. நீ பாடுவது அவர்களுக்குக் கேட்காது, உன் வாய் அசைவது தெரியும். அது போதும்.

வாசிப்பை நீ எடுத்துக்கொள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கு. ஆதியாகமத்தில் பிடித்து வரிசையாகப் போகிறேன் என்று தொடங்குகிற வீடுகள் அநேகமாக லேவியராகமத்தில் நின்றுவிடும். மாற்கு 16 அதிகாரங்கள்தான், வேகமாக நகரும், ஒவ்வொரு பகுதியிலும் ஏதாவது நடக்கும். அதிகாரம் அதிகாரமாக வேண்டாம், முதல் அதிகாரமே 45 வசனம். சம்பவம் சம்பவமாகப் பிரி, ஏறக்குறைய பத்து வசனம். 70 இரவுகளுக்குள் ஒரு சுவிசேஷம் முடிந்துவிடும். முடிந்த அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொல்.

வாசித்த பிறகு பிரசங்கம் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேள், அதுவும் பதில் வசனத்துக்குள்ளேயே இருக்கிற கேள்வி. "திமிர்வாதக்காரனை எத்தனை பேர் தூக்கிட்டு வந்தாங்க?" நாலு பேர். "கூரையை ஏன் பிரிச்சாங்க?" இதற்குப் பையன் யோசிப்பான். யோசிக்கும்போது நீ பதில் சொல்லிவிடாதே, பத்து நொடி மௌனம் உனக்குத்தான் நீளம். அப்புறம் அவன் ஒரு வாக்கியம், அம்மா ஒரு வாக்கியம், நீ ஒரு வாக்கியம் ஜெபம், கடைசியில் பரமண்டல ஜெபம்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், இதில் தப்பாத வீடு குறைவு. "ஆண்டவரே, இவன் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்கறான், கணக்குல மார்க் கொறைஞ்சிட்டான், இவனுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெபிப்பது. அது ஆண்டவரிடம் பேசுவதல்ல, கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைத் திட்டுவது. அவனால் பதில் சொல்லவும் முடியாது, ஆமென் வேறு சொல்ல வேண்டும். பிள்ளையின் குறையைத் தனியாக இருக்கும்போது ஆண்டவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் சொல். அவன் காது கேட்க அவனுக்காக நன்றி சொல்.

மூத்தவன் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறான். நம் பழைய திருப்புதல் வேதாகமத்தின் தமிழ் அவனுக்குக் கடினமாக இருக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லி, தடுமாறும்போது "தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வரலியே" என்று சொல்லிவிடாதே. நீ அரை வசனம் சொல், அவன் திருப்பிச் சொல்லட்டும். சொல்லுக்குச் சொல் விளக்க வேண்டாம், ஓர் இரவுக்கு ஒரு சொல். சில சொற்கள் எளிதாகத் தோன்றித் தவறான பொருள் கொடுக்கும். "பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்" என்று சங்கீதம் 127:3. 'சுதந்தரம்' என்றதும் அவன் ஆகஸ்ட் 15 என்றுதான் நினைப்பான். வேதாகமத் தமிழில் அது பரம்பரைச் சொத்து, தலைமுறையாக வருகிற பங்கு. "நீ எனக்குக் கர்த்தர் எழுதிக் கொடுத்த சொத்து" என்று அவனிடம் சொல்லிப் பார், அவன் முகம் மாறுவதை நீ போனிலேயே காண்பாய். மனப்பாடத்துக்கு வாரம் ஒரு வசனம்: சங்கீதம் 23க்கு ஆறு வாரம், சங்கீதம் 1க்கு ஆறு வாரம், 121க்கு எட்டு வாரம். ஐந்து மாதத்துக்குள் மூன்று சங்கீதம் அவன் நெஞ்சில் இருக்கும்.

ஷிப்டு மாறினாலோ நெட் கிடைக்காமல் போனாலோ இரண்டு நாள் தவறும். மூன்றாம் நாள் மூன்று நாள் பங்கையும் சேர்த்து வாசித்து ஈடுகட்டாதே, விட்ட இடத்தில் பிடி. நீ வராத நாளில் மனைவி நடத்தட்டும், நீ இல்லாமல் நடக்காது என்று ஆக்கிவிடாதே. உனக்கு வெள்ளி ஓய்வு, உன் சபை ஆராதனையும் அன்றுதான். அன்று மாலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஜெபமில்லாமல் சும்மா பேசு.

கண்டிப்பைப் பற்றி. "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்ற நீதிமொழிகள் 13:24ஐ எடுத்துக்கொண்டு அடிக்கிற தகப்பன்மார் உண்டு. அங்கே பிரம்பு என்று நாம் வாசிக்கும் எபிரெயச் சொல்தான் சங்கீதம் 23:4இல் "உமது கோலும்" என்று வருகிறது. அந்தக் கோல் தேற்றுகிற கோல், மேய்ப்பன் ஆட்டை வழிக்குத் திருப்பவும் ஓநாயை விரட்டவும் வைத்திருப்பது. எபேசியரில் 'சிட்சை' என்று நாம் படிக்கும் கிரேக்கச் சொல்லும் அடியை மட்டும் குறிப்பதல்ல, ஒரு பிள்ளையை ஆளாக்கும் பயிற்சி முழுவதற்கும் பெயர் அது. கோபத்தில் ஓங்கிய கை இந்த வசனங்கள் எதிலும் அடங்காது. அடிக்காமலே வளர்க்கலாம், வளர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்காகக் கண்டிக்காமல் விடுவது அன்பாகிவிடாது. ஆசாரியன் ஏலியைப் பார், தப்பு செய்த மகன்மாரைக் கூப்பிட்டுப் பேசினான், நன்றாகவே பேசினான். ஆனால் அவர்களை ஆசாரிய வேலையிலிருந்து எடுக்கவில்லை. "அவர்களை அடக்காமற்போன" என்பதுதான் அவன்மேல் வந்த குற்றச்சாட்டு. தாவீது அதுகூடச் செய்யவில்லை. தன் மகன் அதோனியாவிடம் "நீ இப்படிச் செய்வானேன்" என்று ஒருக்காலும் கேட்டதில்லை என்கிறது 1 இராஜாக்கள் 1:6. வருஷத்தில் நாற்பத்தைந்து நாள் மட்டும் வருகிற தகப்பனுக்கு இந்தத் தாவீதின் சோதனை பெரியது. இருக்கிறதே கொஞ்ச நாள், அதிலும் முகம் சுளிக்க வேண்டுமா என்று தோன்றும்.

கண்டிக்கும்போது முதலில் ஆட்களை விலக்கு. பாட்டி, சித்தப்பா, விருந்தாளி யாரும் பக்கத்தில் வேண்டாம். அவமானத்தைத் தாங்கிக்கொள்வதிலேயே பிள்ளையின் பலம் போய்விடும், தப்பை யோசிக்க மிச்சம் இருக்காது. என்ன நடந்தது என்று கேள், அவன் முடிக்கும்வரை வாயைத் திறக்காதே. பிறகு செயலுக்குப் பெயர் சொல், ஆளுக்குச் சொல்லாதே. "நீ பொய் சொன்ன" என்பது வேறு, "நீ ஒரு பொய்யன்" என்பது வேறு. முதலாவதிலிருந்து அவன் வெளியே வரலாம், இரண்டாவதில் அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறாய். தண்டனை அன்றைக்கே முடியட்டும், தப்போடு தொடர்புள்ளதாக இருக்கட்டும். தங்கைக்கு உரியதைப் பறித்தால் தன் பங்கில் கொடுக்கட்டும், சிந்தினால் துடைக்கட்டும். செய்யமாட்டாத மிரட்டலைச் சொல்லாதே. "அடுத்த தடவை போனையே எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் எடுத்தால் உன் சொல்லுக்கு மதிப்பில்லை, எடுக்காவிட்டால் இன்னும் கெடுதல். முடித்ததும் முடித்துவிடு. சேர்ந்து சாப்பிடுங்கள். அடுத்த மாதம் வேறொரு சண்டையில் இதை இழுக்காதே.

"இயேசப்பா கண்ணைக் குத்திடுவாரு" என்று யாரும் அவனிடம் சொல்லவிடாதே, பாட்டியானாலும் சரி. மரியாதையாகச் சொல்லித் தடு.

நீ தவறினால் என்ன செய்வாய் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள். தவறுவாய், தம்பி. நெரிசலான பஸ், மேற்பார்வையாளரின் ஏச்சு, சம்பளம் பிந்தின மாதம், எல்லாம் சேர்ந்து ஒரு மாலையில் பிள்ளைமேல் பாயும். அன்றைக்கே திரும்பக் கூப்பிடு. "நான் அப்படிக் கத்தினது தப்பு. என்னை மன்னிச்சிருப்பா." அவ்வளவுதான். அதோடு 'ஆனா நீயும்...' என்று ஒட்டாதே, ஒட்டினால் மன்னிப்பு மறுபடி குற்றச்சாட்டாகிவிடும். ஆண்டவரிடம் பாவ அறிக்கை செய்வது எப்படி என்று அவன் இதைப் பார்த்துத்தான் படிப்பான்.

விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது முதல் வாரம் எந்த ஒழுங்கையும் மாற்றாதே. உறங்கும் நேரம், டிவி நேரம், சாப்பாட்டுப் பழக்கம் எல்லாம் அவள் தனியாக நின்று கட்டியது. உன் கண்ணுக்கு ஏதாவது சரியில்லை என்று பட்டால் இரவில் அவளிடம் சொல், பிள்ளைகள் முன் அவளைத் திருத்தாதே. பெட்டியைத் திறந்து சாமான் கொடுப்பதைவிட முக்கியம், பள்ளிக்கு நீயே நடந்து கொண்டுபோய் விடுவது. உபாகமம் 6:7 "வழியில் நடக்கிறபோதும்" என்கிறது. அங்கே 'கருத்தாய்ப் போதித்து' என்பதற்கு அடியில் இருக்கும் எபிரெயச் சொல்லுக்குக் கூர்தீட்டுதல் என்று பொருள். கத்தியை ஒரே இழுப்பில் தீட்ட முடியாது, திரும்பத் திரும்ப மெல்ல இழுக்க வேண்டும். முகம் பார்த்துக் கேட்டால் சொல்லாததைப் பையன் பக்கத்தில் நடக்கும்போது சொல்வான், பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதும் சொல்வான்.

யோபை உனக்குத் தனியாகக் காட்ட விரும்புகிறேன். அவன் பிள்ளைகள் அவனோடு இல்லை. அவரவர் வீட்டில் விருந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அவனோ அதிகாலமே எழுந்து ஒவ்வொருவருக்காகவும் பலி செலுத்தினான், "இந்தப்பிரகாரமாக யோபு அந்நாட்களிலெல்லாம் செய்துவருவான்" என்கிறது 1:5. தூரத்துத் தகப்பனின் ஊழியம் இதுதான். ஒரு சின்ன நோட்டு வாங்கு. பிள்ளைக்கு ஒரு பக்கம், தேதி போட்டு ஒரு வரி: பல் விழுந்தது, கணக்கு டீச்சரைக் கண்டால் பயம், சின்னவளுக்குச் சளி. காலையில் கம்பெனி பஸ்ஸில் அந்த வரிகளை வைத்துப் பெயர் சொல்லி ஜெபி. 'என் பிள்ளைகளை ஆசீர்வதியும்' என்று மொத்தமாகச் சொல்லி நகராதே.

அந்த யோபுதான் கடைசி அதிகாரத்தில் மகள்மாருக்குச் சகோதரரோடு சுதந்தரம் கொடுத்தான். அங்கே மகன்மார் பெயர் இல்லை, எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்று மகள்மார் பெயர்தான் இருக்கிறது. சின்னவள் பிறந்ததும் "இனி நகை சேக்கணுமே" என்று உறவுக்காரர்கள் சொன்னது உன் காதிலும் விழுந்திருக்கும். உயில் எழுதாமல் ஒரு கிறிஸ்தவன் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்கிறது 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களுக்கும் அதுவே பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டத்துக்காக அல்ல, அவளும் கர்த்தர் எழுதிக் கொடுத்த சொத்து என்பதற்காக, இப்போதே இரண்டு பேருக்கும் ஒரே அளவில் சேமிப்புத் தொடங்கு.

இன்னும் சில வருஷத்தில் ஞாயிறு காலை டியூஷன் வரும். ஒன்பதாம் வகுப்பில் "இந்த ஒரு வருஷம் மட்டும் ஞாயிறு பள்ளி வேண்டாம்" என்பார்கள். அந்த ஒரு வருஷம் நாலு வருஷமாகும். அதைவிட, அவசரம் வந்தால் அப்பா எதை முதலில் விடுவார் என்று பிள்ளை கண்டுகொள்வான். சனிக்கிழமை வகுப்பு தேடு, இல்லாவிட்டால் அந்த வகுப்பே வேண்டாம்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் பிள்ளை விலகிப் போகலாம். நடக்கவேண்டிய வழியில் பிள்ளையை நடத்தினால் முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்கிற நீதிமொழிகள் 22:6ஐ ஒப்பந்தப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு உன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளாதே, அது ஞானிகள் கண்ட வாழ்க்கைப் போக்கு. லூக்கா 15இல் கெட்ட குமாரன் கதையில் வரும் தகப்பன் நல்ல தகப்பன்தான், இரண்டு மகனும் இரண்டு விதமாக விலகினார்கள். இளையவன் தூரத்தில் வரும்போதே ஓடினார், மூத்தவன் உள்ளே வராதபோது வெளியே வந்து வருந்தியழைத்தார். இரண்டு பேருக்காகவும் வாசற்படி தாண்டினவர் அவர்தான்.

ஞாயிறன்று நீயும் ஞானப்பெற்றோரும் சபைக்கு முன்னால் வாக்குக் கொடுப்பீர்கள். ஆராதனை முறைப் புத்தகத்தில் அந்தப் பகுதியை சனிக்கிழமை இரவே மனைவியோடு ஒருமுறை வாசித்துவிடு. என்ன சொல்லப்போகிறோம் என்று தெரிந்து சொல்லுங்கள்.

அன்றிரவு விருந்தாளிகள் போனதும் சின்னவளை மடியில் வைத்துக்கொள், மூத்தவனைப் பக்கத்தில் உட்கார வை, சங்கீதம் 121ஐ வாசி. எட்டே வசனம். "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும்" என்ற கடைசி வசனத்தை மூத்தவனுக்குச் சொல்லிக் கொடு. விமான நிலையத்தில் அவன் உனக்கு அதைச் சொல்லட்டும்.

ஜெபத்துடன்,
அண்ணன்